சூரியனைப் படிக்க ஏன் விண்வெளிக்குப் போக வேண்டும்?

ஏப்ரல் 20-ஆம் தேதி வாக்கில், பகல் 12 மணி 16 நிமிடத்துக்கு அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கம் போய் நின்று பாருங்கள். உங்கள் நிழல் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். அன்று சூரியன் சேலத்துக்கு நேர் உச்சியில் நிற்கிறது. ஆகஸ்ட் 22 வாக்கில் இன்னொரு முறை இதே போல வரும். நிழலில்லா நாள் என்று இதைச் சொல்கிறோம். ஏற்காடு மலை வெயிலில் வெளிறித் தெரிய, ரோட்டில் கானல் அலையடிக்கும் வேளை அது.

அப்படி ஒரு நாளில்தான் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். "ஏன் மாமா, சூரியன் மொட்டைமாடியிலேயே இவ்வளவு நல்லாத் தெரியுதே, அதைப் பார்க்க இஸ்ரோவோட ஆதித்யா விண்கலம் எதுக்கு 15 லட்சம் கிலோமீட்டர் போகணும்?" நல்ல கேள்வி. பாடப்புத்தகத்தில் இதற்கு நேரடியாகப் பதில் இல்லை. அவளுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மொட்டைமாடியில் நமக்குத் தெரிவது சூரியனின் ஒரு மெல்லிய தோல் மட்டும்தான். சுமார் 5,500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தகிக்கும் அந்தப் பரப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஒளி கிளம்புகிறது. காற்றைக் கடந்து நம்மிடம் வந்து சேருகிறது. சூரியன் அனுப்புவது அது மட்டுமல்ல. புற ஊதாக் கதிர்கள், எக்ஸ் கதிர்கள், வானொலி அலைகள், மின்னேற்றம் கொண்ட துகள்கள் எல்லாம் வருகின்றன. இவற்றில் பெரும்பகுதியை நம் வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. ஓசோன் படலம் புற ஊதாவைப் பிடித்துக்கொள்கிறது. மேலடுக்கு எக்ஸ் கதிரை விழுங்கிவிடுகிறது. நாம் உயிரோடிருக்க இந்தக் கூரை வேண்டும். ஆனால் சூரியனில் கோபம் கிளம்பும்போது அது முதலில் தெரிவது இந்தத் தடுக்கப்பட்ட கதிர்களில்தான். கூரைக்கு மேலே ஏறினால் ஒழிய அதைப் பார்க்க வழியில்லை.

இன்னொரு இடைஞ்சல் வானத்தின் நீலம். சூரியனைச் சுற்றி கொரோனா என்ற மெல்லிய ஒளிமண்டலம் லட்சக்கணக்கான கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது. சூரிய வட்டத்தின் ஒளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் அதற்கு. பகல் வானத்தின் நீலமே அதைவிடப் பிரகாசமானது. அதனால் கொரோனா மூழ்கிப்போய்விடுகிறது. 2019 டிசம்பர் 26 காலையில் வந்த கிரகணம் பலருக்கு நினைவிருக்கும். கோவை, திருச்சி வழியாக வளைய கிரகணப் பாதை போயிற்று. சேலத்தில் சூரியனின் பெரும்பகுதி மறைந்தது. அன்றும் கொரோனாவை யாரும் பார்க்கவில்லை. மெல்லிய வளையம் மிஞ்சியிருந்தாலே போதும், கொரோனா ஒளிந்துகொள்ளும். முழுக் கிரகணத்தில் மட்டும்தான் அது வெளியே வரும். அதுவும் சில நிமிடங்களுக்குத்தான்.

அதனால் கிரகணத்தைச் செயற்கையாக உண்டாக்கிப் பார்க்கிறார்கள். தொலைநோக்கிக்குள் ஒரு சிறு தட்டை வைத்து சூரிய வட்டத்தை மறைத்துவிட்டால் சுற்றியுள்ள கொரோனா தெரியும். இந்தக் கருவிக்குக் கொரோனாகிராஃப் என்று பெயர். உயர்ந்த மலைகளில் இருந்தும் ஓரளவு இதைச் செய்யலாம். ஆனால் விண்வெளியில் வானம் கறுப்பு. அங்கே வைத்தால் 24 மணி நேரமும் கிரகணம்தான்.

கொரோனாவைப் பற்றிச் சேலத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கதை உண்டு. 1869-ல் அமெரிக்காவில் தெரிந்த முழுக் கிரகணத்தின்போது கொரோனாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தவர்கள் ஒரு பச்சைக் கோட்டைக் கண்டார்கள். அதுவரை தெரிந்த எந்தத் தனிமத்தோடும் அது பொருந்தவில்லை. புதிய தனிமம் என்று முடிவுகட்டி 'கொரோனியம்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஏறத்தாழ 70 ஆண்டுகள் அந்தப் பெயர் புழங்கியது. 1940-களின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு இயற்பியலாளர் எட்லென் அதன் முடிச்சை அவிழ்த்தார். புதிய தனிமமே இல்லை அது. நம் கஞ்சமலையில் கிடக்கிறதே, அதே இரும்பு. தன் 26 எலக்ட்ரான்களில் 13-ஐப் பறிகொடுத்த இரும்பு.

பதின்மூன்று எலக்ட்ரான்களைப் பறிக்க வேண்டுமென்றால் பதினெட்டு, இருபது லட்சம் டிகிரி வெப்பம் வேண்டும். 5,500 டிகிரி பரப்புக்கு மேலே இருபது லட்சம் டிகிரி எப்படி வந்தது? நெருப்பை விட்டு விலக விலகச் சூடு ஏறுகிறது. சூரியனின் காந்தப்புலம்தான் இந்த வேலையைச் செய்கிறது என்பதில் பெரும்பாலும் ஒத்த கருத்து இருக்கிறது. காந்தக் கோடுகள் முறுகி அறுந்து ஒட்டும்போது வெப்பம் பிறக்கிறதா, கோடுகளின் வழியே ஏறும் அலைகள் சூடேற்றுகின்றனவா, இரண்டுமா என்பதில்தான் ஆராய்ச்சி இன்றும் நடக்கிறது. எட்லென் அடையாளம் காட்டிய அதே பச்சைக் கோட்டைத்தான் ஆதித்யாவில் உள்ள கொரோனாகிராஃப் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறது.

கொரோனா அவ்வளவு சூடாக இருந்தால் சும்மா இருக்குமா? வெளியே பெருகி ஓடத்தானே செய்யும்? இந்தக் கேள்வியைக் கணக்காகப் போட்டவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் பார்க்கர். ஒலியைவிட வேகமாகச் சூரியனிலிருந்து எப்போதும் ஒரு காற்று வீசிக்கொண்டிருக்க வேண்டும் என்று 1958-ல் எழுதினார். கட்டுரையைப் பரிசீலித்த இரண்டு நிபுணர்களும் இது தவறு என்று தள்ளினார்கள். அந்த ஆய்விதழின் ஆசிரியராக இருந்தவர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து சிகாகோவில் பேராசிரியரானவர். அவருக்கும் அந்தக் கருத்து அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் கணிதத்தில் பிழை எதையும் அவரால் காண முடியவில்லை; நிபுணர்களாலும் காட்ட முடியவில்லை. ஆகவே வெளியிட்டார். தனக்குப் பிடிக்காத கருத்துக்கு அவர் செய்த அந்த நியாயத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். நான்கே ஆண்டுகளில், 1962-ல், வெள்ளிக் கோளுக்குப் போன மரைனர்-2 விண்கலம் வழியெங்கும் அந்தச் சூரியக் காற்றை அளந்து சொன்னது. 2018 ஆகஸ்டில் பார்க்கரின் பெயரைத் தாங்கிய விண்கலம் கிளம்பியபோது, 91 வயதில் அவரே அதை நேரில் பார்த்தார். அந்தக் கலம் 2024 டிசம்பர் 24 அன்று சூரியப் பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர் தூரத்துக்கு நெருங்கிச் சென்றது.

நம் பக்கத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் சூரிய ஆராய்ச்சி வேர்விட்டதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய அந்தப் பஞ்சத்தில் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளும் சேர்ந்திருந்த பழைய சேலம் மாவட்டத்தில் 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19.7 லட்சம் பேர் இருந்தார்கள். 1881-ல் அது ஏறத்தாழ 16 லட்சம். பெருகியிருக்க வேண்டிய மக்கள்தொகை பத்து ஆண்டில் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்துபோயிற்று.

மழை ஏன் பொய்த்தது என்று தேடியவர்களில் சிலர் சூரியனைப் பார்த்தார்கள். சூரியப் பரப்பில் கரும்புள்ளிகள் பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. அதற்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமோ என்று 1877-ல் நார்மன் லாக்கியர் என்ற வானியலாளரும் ஹண்டர் என்ற அதிகாரியும் கட்டுரை எழுதினார்கள். அந்த எண்ணம் வலுப்பெற்று, தென்னிந்திய மலை ஒன்றில் சூரியனுக்கென்றே ஓர் ஆய்வகம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அப்படிப் பிறந்ததுதான் கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1899-ல் நிறுவப்பட்டு, 1901-ல் அவதானிப்பைத் தொடங்கியது. கரும்புள்ளியை வைத்துப் பஞ்சத்தை முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை நிறைவேறவில்லை. ஆனால் அந்த மலையில் வேறொன்று நடந்தது. 1909 ஜனவரியில் அங்கே பணியாற்றிய ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியின் மையத்திலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் உலகமெங்கும் பாடநூல்களில் அது எவர்ஷெட் விளைவுதான். 1904-லிருந்து அங்கே எடுத்த சூரியப் படங்கள் இப்போது கணினிமயமாகி, கேட்பவர்களுக்குக் கிடைக்கின்றன. நூறாண்டுக்கு மேலான தொடர்ச்சி அது. எந்த விண்கலத்திடமும் அவ்வளவு நீண்ட நினைவு கிடையாது.

கொடைக்கானலை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம்தான் ஆதித்யா எல்-1-இன் முக்கியக் கருவியான கொரோனாகிராஃபையும் செய்தது. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-57 ராக்கெட்டில் கிளம்பிய ஆதித்யா, 2024 ஜனவரி 6 அன்று தன் இடத்தை அடைந்தது. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தவர்.

எல்-1 என்பது என்ன இடம்? சூரியனுக்கு அருகே உள்ள கோள் வேகமாகவும் தள்ளியுள்ளது மெதுவாகவும் சுற்றும் என்று பள்ளியில் படித்திருப்போம். புதனுக்கு 88 நாள், வெள்ளிக்கு 225 நாள். அப்படியானால் நம்மைவிட 15 லட்சம் கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு விண்கலம் ஓராண்டுக்குள் சுற்றை முடித்து நம்மை முந்திப் போய்விட வேண்டும். ஆனால் பூமி அதைத் தன் பக்கம் சற்றே இழுத்துப் பிடிக்கிறது. சூரியனின் இழுப்பில் அவ்வளவு குறைந்துவிடுவதால் கலத்தின் நடையும் தளர்கிறது. சரியாக ஒரே ஓர் இடத்தில் இந்தக் கணக்கு நேர்ப்பட்டு, கலமும் பூமியும் ஒரே ஓராண்டில் சேர்ந்து சுற்றுகின்றன. அந்த இடம்தான் எல்-1. அங்கே இரவு கிடையாது, மேகம் கிடையாது, பூமி குறுக்கே வராது.

அந்தப் புள்ளியிலேயே போய் நின்றுவிடுவதும் இல்லை. நேர்கோட்டில் நின்றால் பூமியிலுள்ள ஆன்டெனாவுக்குக் கலத்தின் முதுகுக்குப் பின்னால் சூரியனே தெரியும். அதன் வானொலி இரைச்சலில் கலத்தின் மெல்லிய குரல் காணாமல் போய்விடும். ஆகவே ஆதித்யா அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு பெரிய வளையமாக நடக்கிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 178 நாள். சூரியனுக்கு நாம் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம். ஆதித்யா அதில் நூற்றில் ஒரு பங்குதான் முன்னே போயிருக்கிறது. கிட்டே போய்ப் பார்ப்பதற்காக அது போகவில்லை. கண் கொட்டாமல் பார்ப்பதற்காகப் போயிருக்கிறது.

ஆதித்யாவில் ஏழு கருவிகள். எல்லாவற்றையும் இங்கே விவரிக்கப் போவதில்லை. ஒன்றைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல்கலைக்கழகங்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது. சூட் என்ற புற ஊதாத் தொலைநோக்கி, ஓசோன் நமக்கு மறைத்துவிடும் ஒளி உட்பட 11 வடிகட்டிகளின் வழியே முழுச் சூரிய வட்டத்தையும் படமெடுக்கிறது. இதை உருவாக்கியது புனேயில் உள்ள ஐயூகா. பெயரே பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான மையம் என்றுதான். தனித்தனியாக எந்தப் பல்கலைக்கழகமும் வாங்கி வைக்க முடியாத வசதியை எல்லாப் பல்கலைக்கழகத்தாருக்கும் பொதுவாக வைப்பதற்கென்று 1988-ல் தொடங்கப்பட்டது. 2024 பிப்ரவரி 22 அன்று சூரியனில் வெடித்த ஒரு மிகப் பெரிய ஒளிர்வை இந்தத் தொலைநோக்கி புற ஊதாவில் பதிவு செய்தது.

எடுத்த படங்களை யார் ஆராய்வது? கருவி செய்தவர்கள் மட்டும் என்றால் பத்து இருபது பேரோடு முடிந்துவிடும். 2025 ஜனவரி 6 அன்று இஸ்ரோ ஆதித்யாவின் தரவுகளின் முதல் தொகுதியைப் பொதுவில் திறந்துவிட்டது. பெங்களூருவை அடுத்த பையலாலுவில் உள்ள தரவு மையத்தின் பிரதான் என்ற தளத்தில் பதிவு செய்துகொண்டு யாரும் இறக்கிக்கொள்ளலாம். அதைக் கையாளத் தெரியாத கல்லூரி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சொல்லித்தர உத்தராகண்டின் ஹல்த்வானியில் ஓர் உதவி மையமும் அமைத்தார்கள். உலகின் மற்றக் கலங்களுக்கும் இதே வழக்கம்தான். 1995 டிசம்பரில் போன சோஹோ, 2010 பிப்ரவரியில் போன எஸ்.டி.ஓ. இரண்டின் படங்களும் இலவசம். சோஹோவின் படங்களில் 5,000-க்கும் மேற்பட்ட வால்மீன்கள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்டவர்கள் வீட்டிலிருந்து படங்களைத் துழாவிய ஆர்வலர்கள்.

இது வெறும் ஏட்டுச் சமத்துவம் இல்லை என்பதற்குக் கருமாத்தூர் சாட்சி. மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகும் வழியில் இருக்கிறது அந்த ஊர். அங்குள்ள அருள் ஆனந்தர் கல்லூரியின் இயற்பியல் துறையும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் புலமும் பல ஆண்டுகளாகச் சூரியக் கொரோனா உமிழ்வுகள் பற்றிப் பன்னாட்டு ஆய்விதழ்களில் எழுதிவருகின்றன. கொரோனா உமிழ்வு என்றால், சூரியன் ஒரே வீச்சில் நூறு கோடி டன் கணக்கில் காந்தம் ஏறிய வாயுவை விண்வெளியில் தூக்கி எறிவது, சி.எம்.இ. என்று சுருக்கிச் சொல்வார்கள். அந்தக் கிராமத்துக் கல்லூரியில் ராக்கெட்டும் இல்லை, தொலைநோக்கியும் இல்லை. சோஹோவின் படங்களும், விண்ட் என்ற இன்னொரு கலத்தின் வானொலிப் பதிவுகளும், கணினியும், பொறுமையும்தான் மூலதனம்.

வானொலிப் பதிவு எதற்கு என்று சொல்கிறேன். உமிழ்வு வேகமாகப் பாயும்போது முன்னால் ஓர் அதிர்ச்சி அலை எழும். அதிவேக விமானத்துக்கு முன்னால் எழுவது போல. அந்த அதிர்ச்சி வானொலி அலைகளைக் கிளப்புகிறது. சூரியனை விட்டு விலக விலகச் சுற்றியுள்ள வாயுவின் அடர்த்தி குறைவதால் அலைவரிசையும் இறங்கிக்கொண்டே வரும். இறங்கும் வேகத்தை அளந்தால் அதிர்ச்சியின் வேகம் கிடைத்துவிடும். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கிய அலைகளை நம் அயனி மண்டலம் திருப்பி அனுப்பிவிடும், தரையிலிருந்து கேட்க முடியாது. அதனால்தான் 1994 முதல் விண்வெளியில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறது விண்ட்.

இனி நாமே ஒன்றைச் செய்து பார்ப்போம். பக்கத்து வீட்டுப் பெண்ணும் நானும் மடிக்கணினியில் செய்ததுதான். சோஹோவின் கொரோனாகிராஃப் படங்கள் சுமார் 12 நிமிட இடைவெளியில் வருகின்றன. நடுவில் தட்டு மறைத்த கறுப்பு வட்டம். சுற்றிலும் மங்கலான கதிர்கள். வெறும் கண்ணுக்கு உமிழ்வு அவ்வளவாகத் தெரியாது. ஆராய்ச்சியாளர்கள் ஓர் எளிய வித்தை செய்கிறார்கள். இப்போதைய படத்திலிருந்து முந்தைய படத்தைக் கழித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு படமும் எண்களின் அட்டவணைதானே? கழித்தால் அசையாமல் நின்றதெல்லாம் பூஜ்ஜியமாகி மறையும். நகர்ந்தது மட்டும் மிஞ்சும். மங்கலான படத்திலிருந்து திடீரென்று ஒரு குமிழ் உப்பி வெளியேறுவது துல்லியமாகத் தெரிந்ததும் அவள் திரையைத் தொட்டே பார்த்துவிட்டாள்.

அதன் முன் விளிம்பு சூரிய மையத்திலிருந்து எத்தனை சூரிய ஆரம் தள்ளி இருக்கிறது என்று படத்துக்குப் படம் அளக்க வேண்டும். கணக்குக்காக, 12 மணிக்கு 3 ஆரத்தில் இருந்தது 1 மணிக்கு 6 ஆரத்துக்குப் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆரம் 6.96 லட்சம் கிலோமீட்டர். மூன்று ஆரம் 20.88 லட்சம் கிலோமீட்டர். ஒரு மணிக்கு 3,600 நொடி. வகுத்தால் நொடிக்கு 580 கிலோமீட்டர். இதே வேகத்தில் வந்தால் 15 கோடி கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 72 மணி நேரம், அதாவது மூன்று நாள். பத்தாம் வகுப்புக் கணக்குதான் இது. உண்மையான ஆராய்ச்சியில் நிறையப் புள்ளிகளை வைத்துக் கோடு வரைவார்கள். வேகம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். நாசாவும் அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும் நடத்தும் பட்டியல் ஒன்றில் சோஹோ கண்ட ஆயிரக்கணக்கான உமிழ்வுகளுக்கு இப்படி அளந்து வைத்திருக்கிறார்கள். நாட் கோபால்சாமி முதலானோர் வளர்த்தெடுத்த பட்டியல் அது. அதில் ஒன்றை எடுத்து நீங்களே மறுபடி அளந்து, உங்கள் எண்ணும் அவர்கள் எண்ணும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்ப்பதுதான் நல்ல முதல் பயிற்சி.

எங்கே சிக்கல் என்றால், இந்த முறையில் பக்கவாட்டில் போகும் உமிழ்வைத்தான் நன்றாக அளக்க முடியும். நம்மை நோக்கி வருவது வேறு கதை. இரவில் ஏற்காடு ரோட்டில் எதிரே நேராக வரும் பஸ்ஸின் விளக்கு பெரிதாகிக்கொண்டே இருக்கும். எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று சட்டென்று சொல்ல முடியுமா? பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து குறுக்கே போகும் பஸ்ஸைப் பார்ப்பவருக்கு அது எளிது. நமக்கு மிகவும் தேவைப்படும் உமிழ்வு நம்மை நோக்கி வருவதுதான். அதுவே அளக்கக் கடினமானது. இதற்காகத்தான் 2006-ல் ஸ்டீரியோ என்ற இரட்டைக் கலங்களை அனுப்பி, பூமிக்கு முன்னும் பின்னும் விலகி நின்று பக்கவாட்டில் பார்க்கச் செய்தார்கள். இரண்டில் ஒன்று 2014-ல் தொடர்பு இழந்தது.

வழியில் நடப்பதைத் தரையிலிருந்தும் துப்பறியலாம். ஊட்டி முத்தோரையில் 1970-ல் அமைந்த வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த இடத்தின் அகலாங்கு 11 டிகிரி சொச்சம். நம் சேலத்துக்கும் ஏறக்குறைய அதேதான். மலைச்சரிவின் சாய்வும் அதே அளவு. அதனால் சரிவின் மேல் வடக்குத் தெற்காகப் படுக்க வைத்த தொலைநோக்கி பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பினாலே வானத்தைப் பின்தொடரும். தொலைதூர வானொலி மூலங்கள் சூரியக் காற்றின் வழியே வரும்போது மினுக்குவதை அது அளக்கிறது. உமிழ்வு குறுக்கே போனால் மினுக்கு கூடும்.

உமிழ்வு பிறக்கும் இடத்தைப் பார்ப்பதில்தான் ஆதித்யாவின் அருமை. சோஹோவின் தட்டு பெரியது. சூரிய மையத்திலிருந்து சுமார் இரண்டு ஆரத்துக்கு உள்ளே நடப்பது அதற்குத் தெரியாது. ஆதித்யாவின் கொரோனாகிராஃப் 1.05 ஆரத்திலிருந்தே, அதாவது பரப்பை ஒட்டியே பார்க்கும்படி வடிவமைக்கப்பட்டது. உமிழ்வு பெரிதாக முடுக்கம் பெறுவது பெரும்பாலும் சோஹோ பார்க்க முடியாத அந்த இடைவெளியில்தான்.

இதெல்லாம் தெரிந்து நமக்கு என்ன? 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சூரியப் புயலால் மின்கட்டமைப்பு விழுந்து, 60 லட்சம் பேர் சுமார் ஒன்பது மணி நேரம் இருளில் கிடந்தார்கள். 2022 பிப்ரவரியில் விண்ணில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38, ஒரு சாதாரணப் புயலில் மேல் வளிமண்டலம் உப்பியதால் நிலைகொள்ள முடியாமல் விழுந்து எரிந்தன. 2024 மே 10, 11 தேதிகளில் வந்தது இருபது ஆண்டுகளில் பெரிய புயல். லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. அமெரிக்காவில் அது விதைப்புப் பருவம், ஜி.பி.எஸ். வழிகாட்டலில் ஓடும் டிராக்டர்கள் தடுமாறி உழவர்கள் வேலையை நிறுத்த வேண்டி வந்தது. கனடா அளவுக்கு நம் மின்கம்பிகளுக்கு ஆபத்து இல்லை. துருவத்தை ஒட்டிய நாடுகளுக்கே அது அதிகம். ஆனால் பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. அதன் அருகே அயனி மண்டலம் இயல்பிலேயே கொந்தளிப்பானது. செயற்கைக்கோளிலிருந்து வரும் இடங்காட்டிச் சமிக்ஞைகள் இங்கே எளிதில் பிசகும். கப்பலும் விமானமும் மீன்பிடிப் படகும் அந்தச் சமிக்ஞையை நம்பித்தான் போகின்றன.

இப்போதைய சூரியச் சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கியது. உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். உச்சம் கடந்த பிறகும் சில ஆண்டுகள் பெரும் புயல்கள் வரும். படிக்க நினைக்கும் மாணவர்களுக்கு இது அறுவடைக் காலம். சேலத்திலும் நாமக்கல்லிலும் ஆண்டுதோறும் எத்தனையோ பிள்ளைகள் இயற்பியல் முதுகலை முடிக்கிறார்கள். திட்டக் கட்டுரைக்குத் தலைப்பு தேடி, கருவி வாங்க வசதியில்லாத துறைகளில் திண்டாடும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம்தான் இதை முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். ஹீலியோவியூவர் என்ற இணையதளத்தில் நாளையும் கலத்தையும் தேர்ந்தெடுத்தால் படம் கைபேசியிலேயே தெரியும். அளக்கத் தொடங்கும்போது ஃபிட்ஸ் வடிவக் கோப்பாக இறக்குங்கள். சாதாரணப் படக் கோப்பில் அழகு இருக்கும், அளவு இருக்காது. ஃபிட்ஸில் ஒவ்வொரு புள்ளியின் எண்ணும், எடுத்த நேரமும், கலம் நின்ற இடமும் பதிவாகியிருக்கும். பைத்தான் மொழியில் சன்பை என்ற இலவசத் தொகுப்பு அதைத் திறந்து தரும். எஸ்.டி.ஓ. படம் ஒன்றில் 4,096-க்கு 4,096 புள்ளிகள். அது ஒரு நாளில் அனுப்புவது சுமார் ஒன்றரை டெராபைட். எல்லாவற்றையும் இறக்க முயலாதீர்கள். ஒரே ஒரு நிகழ்வு, மூன்று மணி நேரம், அது போதும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சூரியனைப் படிக்கும் ஆர்வத்தில் தொலைநோக்கியையோ பைனாகுலரையோ நேராக அதன் பக்கம் திருப்பிவிட வேண்டாம். கண் நொடியில் போய்விடும். வெள்ளைத் தாளில் பிம்பம் விழச்செய்து கரும்புள்ளி பார்க்கலாம். அதற்கும் பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும்.

அந்தப் பெண் இப்போது 2024 மே மாதப் படங்களை வைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த வாரத்தில் சூரியன் ஒரே கரும்புள்ளிக் கூட்டத்திலிருந்து அடுத்தடுத்துப் பல உமிழ்வுகளை எறிந்தது. முன்னே போனதைப் பின்னே வந்தது எட்டிப் பிடித்ததா என்று பார்க்க வேண்டுமாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோடு வரைந்து, கோடுகள் எங்கே வெட்டுகின்றன என்று கணக்குப் போடுகிறாள். நேற்று மாலை வந்து, "மாமா, ரெண்டாவது உமிழ்வோட விளிம்பு எனக்கு 4.1 ஆரம்னு வருது, பட்டியல்ல வேற இருக்கு. நான் தப்பா, அவங்க தப்பா?" என்றாள். மறுபடியும் அளந்து பார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.